சுவரில் வரையாத வெல்லம்

இன்று காலை மண்டியில் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்ததும் அந்த வாடை வந்தது. தீக்குச்சியைக் கிழித்து உடனே ஊதி அணைத்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. வெல்லத்தின் இனிப்பு மணத்துக்கு அடியில் லேசாக இருக்கும். வாங்க வருகிறவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் கண்ணால் வாங்குகிறவர்கள். எனக்கு மட்டும் மூட்டை பிரிக்கும்போதெல்லாம் தெரியும். தெரிந்த உடனே உன் முகம் வரும். செத்த முகம் இல்லை. பாகு கொதிக்கிற கொப்பரைக்கு முன்னால் வெறும் உடம்போடு நின்று வயிற்றைச் சொறிந்துகொண்டே, "இன்னா பாய் இது, ஒடம்பு பூரா எறும்ப வுட்ட மாதிரி கீது" என்று சிரிக்கிற முகம்.

வாடை மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். அது வருஷம் பூராவும் வருகிறது, அதற்கெல்லாம் நான் பேனாவை எடுத்தவன் இல்லை. மூட்டை பிரித்த கையோடு உன் மகள் செல்வி வந்தாள். கூடவே அவள் மகள், ஐந்து வயசு. அந்தக் குழந்தை கையை நீட்டிக் காட்டியது. பார்த்ததும் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் இருந்து சொன்னால்தான் சரியாக வரும். நடுவில் இருந்து ஆரம்பித்தால் நான் தப்பித்துக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

நான் கள்ளக்குறிச்சியில் வெல்ல மண்டி வைத்திருப்பவன். நீ மணலூர்பேட்டைப் பக்கம், பெண்ணையாற்றை ஒட்டிய கரும்பாலையில் கூலிக்கு வெல்லம் காய்ச்சுகிறவன். சரக்கு பார்க்க வந்த முதல் நாளே நம் இரண்டு பேருக்கும் சண்டை. வெல்லம் கருப்பாக இருக்கிறது என்றேன். "வெல்லம்னா வெல்லம் கலர்லதான் இருக்கும். வெள்ளையா வோணும்னா சுண்ணாம்பு வாங்கிக்கினு போ" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் பாகைக் கிண்டினாய். கையகல நிலம் கூட இல்லாத ஆளுக்கு இவ்வளவு வாயா என்று எனக்குக் கோபம் வந்தது. மறு வாரம் அதே வாயைக் கேட்கத்தான் மறுபடி வந்தேன்.

ஆனால் உன் வாய் பிடித்துப்போனது வேறு, என் வியாபாரம் வேறு. பொங்கலுக்கு வெல்லம் வாங்குகிற சனம் மஞ்சளாகக் கேட்டது. பக்கத்து மண்டிகளில் எல்லாம் மஞ்சள் வந்துவிட்டது. ஹைட்ரோஸ் என்று ஒரு வெள்ளைப் பவுடர், கொதிக்கிற பாகில் கொஞ்சம் போட்டால் போதும் என்றார்கள். முதல் பொட்டலத்தை என் தோள்பையில் வைத்து நான்தான் உன்னிடம் கொண்டுவந்தேன். நீ பிரித்து முகர்ந்து பார்த்தாய்.

"தீக்குச்சி வாட அடிக்குது பாய். இது சாப்புடற பொருளா, சாயப்பட்டறைக்குப் போற பொருளா?"

"எல்லாரும் போடறான்யா. நீ மட்டும் பெரிய இவனா? போடு."

போட்டாய். நம் கண் முன்னாலேயே கொப்பரை மஞ்சளாக மாறியது. உனக்கே வாய் பிளந்துவிட்டது. "அடேங்கப்பா" என்றாய். நான் உன் முதுகில் தட்டினேன். ஹலால் ஹராம் பார்க்கிற வீட்டில் பிறந்தவன் நான். கறி வாங்கினால் அறுத்தவர் யார் என்று கேட்டுத்தான் வாங்குவேன். அந்தப் பவுடரைப் பற்றி ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த சீசனில்தான் உனக்கு ஆரம்பித்தது. ஒரு நாள் உச்சி நேரத்தில் நான் வந்தபோது நீ கொப்பரையை விட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாய். வயிற்றிலும் முதுகிலும் கயிற்றால் விளாசிய மாதிரி தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோளில் ஒன்று புதிதாகக் கிளம்பியது. சக்கை உலர்த்திக்கொண்டிருந்த உன் சம்சாரம் ஓடிவந்து பார்த்துவிட்டு, "பூரான் கடி" என்றாள்.

நம் பக்கத்தில் அப்படித்தான். காரணம் தெரியாமல் உடம்பு தடித்தால் பூரான் கடித்திருக்கிறது. பூரானை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. வைத்தியமும் எல்லோருக்கும் தெரியும்: மேலே மண்ணெண்ணெய் தடவ வேண்டும், உள்ளே வெல்லம் தின்ன வேண்டும், உப்பும் புளியும் ஆகாது. உன் சம்சாரம் மண்ணெண்ணெயைத் தேய்த்துவிட்டாள். "அடுப்பாண்ட போவாதய்யா, பத்திக்குவ" என்று நான் கத்தினேன். கத்திவிட்டு, ஆறிக் கிடந்த உருண்டைகளில் எது நல்ல மஞ்சள் என்று தேடி எடுத்து உன் கையில் வைத்தேன். "நம்ம சரக்குய்யா. தின்னு."

சாயங்காலத்துக்குள் தடிப்பு அடங்கிவிட்டது. அது கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்குகிற சாதி என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு வெல்லத்துக்குக் கேட்டது என்று நினைத்தோம். மறுநாள் மறுபடி வந்தது, மறுபடி தின்றாய். தடிப்பு ஜாஸ்தியானால் வெல்லமும் ஜாஸ்தி. அது போதாதென்று பதம் பார்ப்பதற்கு ஒவ்வொரு கொப்பரையிலும் ஒரு துளி பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி வாயில் போட்டுக்கொள்வாய். அது உன் வேலை.

ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பார்த்தது வருஷத்தைத் தாண்டியது. உதடு வீங்கும், காது மடல் தடிக்கும். ஒரு நாள் ஒரு கண் மூடிக்கொண்டே வந்தாய். "என்னய்யா, யாருக்குக் கண்ணடிக்கற?" என்றேன். நீயும் சிரித்தாய். ஆனால் தூக்கம் இல்லை உனக்கு. சட்டை போட்டால் எரிகிறது என்று பனிக்காலத்திலும் வெறும் உடம்போடு இருந்தாய். இதைவிட உன்னை அறுத்தது வேறு. ஆலையில் வேலை செய்தவர்கள் நீ குடித்த சொம்பைத் தொடாமல் தனிச் சொம்பு வைத்துக்கொண்டார்கள்.

"தொத்துமாம் பாய். பத்து வருசமா ஒரே கொடத்துல குடிச்சவனுங்க. நான் இன்னா பாவம் பண்ணேன்?"

உனக்குக் குரல் உடைந்ததை நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். நான் நேராகப் போய் உன் சொம்பை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் வாய் வைத்து மடக் மடக் என்று குடித்தேன். "எனக்குத் தொத்தட்டும், பாக்கலாம்" என்றேன். உன்னிடம் நான் நடந்துகொண்டதில் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள அந்த ஒரு சொம்பு தண்ணீர் இருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அவர் பொறுமையாகப் பார்த்தார். பூரானும் இல்லை, தொற்றும் இல்லை என்றார். "சில ஒடம்புக்கு சில சாப்பாடு ஆவாது. சாப்பாட்டுல சேக்கற கலர் பொடி, கெடாம இருக்கப் போடறது, இதெல்லாம்கூட ஆவாது. என்ன சாப்பிட்டா வருதுன்னு கண்டுபிடிக்கணும். வாயில போடறது அத்தனையும் எழுதி வைங்க" என்றார். பவுடர் கொண்டுவந்து கொடுத்த நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். பாக்கெட்டில் விற்கிற ஆரஞ்சு நிறத் தீனியும் கேசரியும்தான் என் மனசில் ஓடியது.

உனக்கு எழுத வராது. யாரிடமும் கேட்கவும் கூச்சம். அடுத்த தடவை நான் வந்தபோது ஆலைக் கொட்டகையின் சுவர் பூராவும் கரியால் படம் போட்டிருந்தாய். முட்டைக்கு ஒரு வட்டம். கருவாட்டுக்கு வால் வைத்த கோடு. காம்போடு கத்திரிக்காய். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பன்னு, ஊறுகாய்ச் சாடி, பாக்கெட்டுக்கு ஒரு கட்டம். தடிப்பு வந்த நாளில் அன்றைக்குத் தின்ற படத்தின் கீழ் ஒரு கோடு. "என்னய்யா, பால்வாடி செவுரு மாதிரி பண்ணி வெச்சிருக்க?" என்று கிண்டல் செய்தேன்.

"சிரிக்காத பாய். டாக்டரு சொன்னது மெய்தான். இந்தக் கலர் பாக்கிட்டு தின்ன அன்னிக்கெல்லாம் கோடு வுழுந்துகீது பாரு. கலரு ஒத்துக்கல எனக்கு."

அந்த இடம் வரைக்கும் நீயாகவே வந்துவிட்டாய். ஒரு பள்ளிக்கூடம் பார்க்காதவன், ஒரு கரித்துண்டை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தாய். முட்டையை விட்டாய், கருவாட்டை விட்டாய், கத்திரிக்காயை விட்டாய், கலர் போட்டது எதையும் தொடவில்லை. தடிப்பு கொஞ்சம் கம்மியானது, போகவில்லை. சுவரில் இடம் இல்லாத அளவுக்குப் படம். வெல்லம் மட்டும் இல்லை. டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையையும்தான் நீ வரையவில்லை. மருந்தை யாராவது வரைவார்களா? நம் இரண்டு பேருக்கும் வெல்லம் மருந்து. அந்த மாத்திரையையும் நீ பகலில் போட மாட்டாய். போட்டால் கண் சொக்கும், கொதிக்கிற கொப்பரைக்கு முன்னால் கண் சொக்க முடியாது. அதற்குப் பதிலாகத்தான் வெல்லம் தின்றாய்.

என் மகள் நிக்காஹ் விருந்து ஞாபகம் இருக்கிறதா? சமையல்காரரிடம் சண்டை போட்டு உனக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் கலர் பொடி போடாமல் பிரியாணி வைக்கச் சொன்னேன். வெள்ளையாக இருந்தது. "எனுக்குன்னு ஆக்கினியா பாய்?" என்று நீ கேட்டபோது உன் கண் கலங்கியது. கேசரி உனக்கு ஆகாதே, இனிப்பு இல்லாமல் அனுப்புவதா என்று பாசிப்பருப்பில் பாயசம் வைக்கச் சொல்லியிருந்தேன். நம் வெல்லத்தில். மூன்று டம்ளர் குடித்தாய். வீட்டுக்குப் போவதற்குள் உதடு பணியாரம் போல வீங்கியது. கறியில் கொழுப்பு ஜாஸ்தி என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். மறுநாள் உன் சுவரில் ஒரு ஆட்டுத் தலையும் ஏறியது.

அந்த வருஷம் கரும்பு சீசன் முடிந்ததும் நீ கல்வராயன் மலைக்குப் போனாய். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூரில் சின்னையன் என்ற மலைக்காரருக்கு மரவள்ளிக் காடு இருந்தது. அவருக்கு ஆள் தேவைப்பட்டது. இரண்டு மாதம் கழித்து அவர் சந்தைக்கு வந்தபோது என் மண்டிக்கு வந்து சொன்னார்: "ஒங்க சேக்காளிக்கு ஒடம்புல ஒரு தடிப்பு இல்லீங்க. சட்ட போட்டுக்கினு சுத்தறாரு." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமைச் சோறு, கீரை, அவரை, எப்போதாவது தேன். மலைக்காற்றுக்குத்தான் கேட்டிருக்கிறது என்று அவர் சொன்னார், நானும் ஆமாம் என்றேன். மேலே போனதில் இருந்து நீ வெல்லம் தின்னவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஆடி மாதத்தில் உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். உடம்பு முடியாமல் இருந்து தேறியவனை வெறுங்கையோடு பார்க்கப் போவதா? என்ன வாங்குவது என்று பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்தேன். பன்னு உன் சுவரில் இருக்கிறது. பிஸ்கட்டும் மிக்சரும் கட்டத்துக்குள் இருக்கிறது. முட்டை ஆகாது. நான் அவ்வளவு ஜாக்கிரதையாக யோசித்தேன்யா, அதுதான் என்னைக் கொல்கிறது. ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் உனக்குக் கெடுதல் செய்யாத ஒரே பொருள் என்று மண்டிக்குத் திரும்பிப்போய் அதை எடுத்துவந்தேன். இருப்பதில் நல்ல மஞ்சளாகப் பார்த்து ஒரு மஞ்சப்பை நிறைய.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். மலைக்கு வெல்லம் ஏறினால் சாராய ஊறலுக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். போலீஸ்காரர் என் பையைத் திறந்தார்.

"இன்னா பாய், ஊறலுக்கா?"

"ஐயையோ சார். சீக்காளிக்கு மருந்து சார்."

என் தாடியையும் தொப்பியையும் பார்த்தார். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பிடுங்கிக்கொண்டிருந்தால் நான் மலை ஏறும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போயிருப்பேன். இன்றைக்கு அவர் எங்கே இருந்தாலும் தேடிப்போய் ஏன் பிடுங்கவில்லை என்று சட்டையைப் பிடிக்கத் தோன்றுகிறது. அந்த ஆள் மேல் என்ன தப்பு, சொல்.

நீ சட்டை போட்டிருந்தாய். நீலக் கட்டம் போட்ட சட்டை. உன்னைச் சட்டையோடு பார்த்து எத்தனை நாள் ஆயிற்று! கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அடப்பாவி பாய், நாக்கு செத்துப் போச்சுன்னு எப்டித் தெரிஞ்சுது ஒனக்கு?" என்று ஒரு உருண்டையை அப்படியே கடித்தாய். அடுப்பில் கடுங்காப்பி கொதித்தது. சின்னையன் வெல்லத்தைத் தட்டிப் போட்டு மூன்று பேருக்கும் ஊற்றினார். நீ இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தாய்.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாய். சட்டையைக் கழற்றினாய். ரெண்டு மாதமாக வராதது எல்லாம் சேர்ந்து வந்தது மாதிரி உடம்பு முழுவதும் எழும்பியது. உதடு வீங்கியது. அதெல்லாம் பழக்கம்தானே என்று இருந்தோம். அப்புறம் உன் குரல் மாறியது. "தொண்டய அடைக்குது பாய்" என்றாய். மூச்சு விடுவது சத்தமாகக் கேட்டது.

சின்னையன் ஓடிப்போய் ஜீப்பைப் பிடித்துவந்தார். வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகும். பாதை முழுக்கக் கல். முன் சீட்டில் அவர், பின்னால் உன்னை என் மேல் சாய்த்துக்கொண்டு நான். மஞ்சப்பையும் என் மடியில் இருந்தது. ஏன் எடுத்துக்கொண்டு ஏறினேன்? மருந்தாயிற்றே.

இதற்கு மேல் நடந்ததை நான் யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த சின்னையனுக்கும் தெரியாது. நீ கட்டை விரலை உதட்டருகே கொண்டுபோய்க் காட்டினாய். தண்ணீர் கேட்டாய். ஜீப்பில் தண்ணீர் இல்லை. நிறுத்தச் சொன்னால் நேரம் போகுமே என்று பயந்தேன். ஒரு உருண்டையை உடைத்து, "இத வாயில அடக்கிக்கய்யா, எச்சி ஊறும், கடியும் அடங்கிடும்" என்று உன் வாய்க்குக் கொண்டுபோனேன். நீ என் மணிக்கட்டைத் தள்ளினாய். மறுபடி கொண்டுபோனேன். மறுபடி தள்ளினாய். நான் உன் கையை இறக்கிவிட்டு, உதட்டைப் பிரித்து, உள்ளே வைத்தேன். "தின்னுய்யா, பிடிவாதம் பண்ணாத" என்று அதட்டினேன். நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அந்த அதட்டல்தான்.

வெள்ளிமலைக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது அந்த மூச்சுச் சத்தம் நின்றது. ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்க வைத்தபோது கன்னத்துக்குள் அந்தத் துண்டு கரையாமல் இருந்தது. டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சாமைச் சோறு, கீரை, கடுங்காப்பி என்று அடுக்கினேன். "இது?" என்று கையில் இருந்ததைக் காட்டினார். "அது மருந்துங்க" என்றேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். எங்கே வாங்கியது, என்ன போட்டுக் காய்ச்சுவார்கள் என்று கேட்டார். சொன்னேன். துண்டை ஒரு தட்டில் வைத்துவிட்டு, "இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இதுவாவும் இருக்கலாம். அந்தப் பவுடர் ஆவாத ஒடம்பு உண்டு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன்னை ஊருக்குக் கொண்டுவந்தபோது சனம் என்ன பேசியது தெரியுமா? மலைக்குப் போனவன், திடீரென்று செத்தவன், சாராயம் குடித்துச் செத்திருப்பான் என்று. உன் சம்சாரத்தின் காதுபடவே பேசினார்கள். சாராய வாடை கூட ஆகாதவன் நீ. எனக்கு ரத்தம் கொதித்தது. "வாய மூடுங்கடா. அவன் என் மடியில செத்தான். கடைசியா வெல்லம் கேட்டான், நான் என் கையால வாயில வெச்சேன், தின்னுட்டுக் கண்ண மூடினான்" என்று கூட்டத்தின் நடுவில் நின்று கத்தினேன். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பல வருஷம் நம்பினேன். யாரைக் காப்பாற்றச் சொன்னேன் என்பது உனக்குப் புரிந்திருக்கும்.

உன் சம்சாரம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆறுதலாக வேறு என்ன இருந்தது? ஆடி அமாவாசைக்கு உன் போட்டோ முன்னால் இலை போட்டு, நீ கேட்டுத் தின்ற மஞ்சள் வெல்லம் வைத்துப் படைக்க ஆரம்பித்தாள். அதற்கு வெல்லம் என் மண்டியில் இருந்து. ஒரு வருஷம் மனசு கேட்காமல் பவுடர் போடாத கருப்பு வெல்லம் கொடுத்தனுப்பினேன். திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். "அவரு ஆசப்பட்டது இது இல்ல பாய். மஞ்சளா குடுங்க." மஞ்சளாகக் கொடுத்தேன். ஊரே தின்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உன் உடம்புக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவள் போய்ச் சேர்ந்தபிறகு செல்வி படைக்கிறாள். படைத்ததைப் பிள்ளைகள் தின்னும்.

மண்டியில் மஞ்சள் வியாபாரத்தை நீ போன அன்றோடு நிறுத்திவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. நிறுத்தவில்லை. ஐந்து வேளையும் தொழுகிறேன், செய்த பாவத்துக்குத் தௌபா செய்கிறேன், எழுந்து வந்து அதே மூட்டையைப் பிரிக்கிறேன். கருப்பு வெல்லம் மண்டியின் பின்பக்கம் ஓர் ஓரமாகக் கிடக்கிறது.

இன்று காலைக்கு வருகிறேன். குழந்தை நீட்டிய கையில் முழங்கை வரைக்கும் அதே தடிப்பு, கயிற்றால் விளாசிய மாதிரி.

"பாய் மாமா, நல்ல மஞ்சளா ரெண்டு உருண்ட குடுங்க. படையலுக்குக் குடுத்தது தீந்துபோச்சு" என்றாள் செல்வி. "பாப்பாவ பூரான் கடிச்சிருக்குது. அமாவாச கழிச்சு ஒரே தடிப்பு. தெனம் வெல்லம் குடுத்துக்கினுதான் கீறேன், அடங்கவே மாட்டேங்குது."

பக்கத்தில் மூட்டை வாய் திறந்து கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வேணாம்மா. வெல்லம் குடுக்காத. இன்னிலேர்ந்து ஒரு துண்டு குடுக்காத. தோல் டாக்டராண்ட காட்டு. வெல்லம் தின்னுச்சுன்னு மொதல்ல அதச் சொல்லு."

"இன்னா மாமா, நீங்களே இப்டிச் சொல்றீங்க? அப்பாவுக்கு நீங்கதான குடுப்பீங்க."

குழந்தைக்கும் அதே கோளாறுதானா என்று எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று துஆ கேட்கிறேன். ஆனால் அதற்கு மேல் என்னால் முழுங்க முடியவில்லை. பவுடரைச் சொன்னேன். சுவரைச் சொன்னேன், நீ வரையாமல் விட்டதைச் சொன்னேன். மலைக்குச் சுமந்துபோனதைச் சொன்னேன். செல்வி நின்றபடியே கேட்டாள். குழந்தை சொறிந்துகொண்டே இருந்தது. அவள் அதன் கையைப் பிடித்துப் பிடித்து விலக்கினாள். நான் நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னாள்:

"இருக்கட்டும் மாமா. ஒங்களுக்குத் தெரியுமா இன்னா? அப்பா ஆசப்பட்டுக் கேட்டாரு, குடுத்தீங்க."

கதவு திறந்துதான் இருந்தது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே போயிருக்கலாம். இத்தனை வருஷம் அப்படித்தான் போனேன்.

"கேக்கலம்மா. அவன் வெல்லம் கேக்கல. ரெண்டு தரம் என் கையத் தள்ளினான். நானாத்தான் வாயத் தொறந்து வெச்சேன்."

அவள் முகம் உன் முகம்தான். ஒன்றும் மறைக்கத் தெரியாத முகம். குழந்தையின் கையை விடாமல், "அப்போ அப்பா கடைசியா இன்னாதான் கேட்டாரு?" என்றாள்.

"தண்ணி" என்றேன்.

செல்வி மூலையில் இருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். எப்போதும் படி இறங்கும்போது, "போய்ட்டு வரேன் மாமா" என்பாள். இன்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற பக்கமாகத்தான் போனாள். தெரு முனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரித்த மூட்டையை மறுபடி கட்டிவிட்டு இதை எழுதுகிறேன். நாளைக்கு அதைப் பிரிக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது, உன் பேரில் ஒரு பொய் சொன்னதே போதும். அடுத்த ஆடி அமாவாசைக்கு உன் இலையில் வெல்லம் இருக்காது. ஒரு சொம்பு தண்ணீர் வைப்பாளோ என்னவோ. வைத்தால் குடிய்யா.

என்னிடம் இருப்பது இந்த மணிக்கட்டுதான். நீ தள்ளியது இன்னும் அதில் இருக்கிறது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது தண்ணீர் பட்டால் தெரியும், தராசைத் தூக்கினால் தெரியும். ரொம்ப மெதுவாகத்தான் தள்ளினாய். உன்னிடம் பலமே இல்லை. அவ்வளவு லேசான தள்ளலுக்கு நான் கொஞ்சம் நின்றிருக்கலாம்.